விறகு வாலையும் குளிர்நீரும்

'காய்ச்சி வடித்தல்' என்று ஒரு தொழிலைத் தமிழில் வழங்குகின்றோம். காய்ச்சுதல் தீயின் செயல். வடித்தல் கலத்தின் செயல். இவ்விரண்டிற்கும் நடுவே, ஆவியாய் எழுந்ததனை மீளவும் நீராக்குகின்ற செயல் ஒன்று உண்டு. அத்தொடரில் அதற்கு இடமில்லை. சொல்லில் இடம்பெறாத காரணத்தாற்போலும், வாலை வைக்க எண்ணுவோர் அடுப்பையும் கலத்தையும் பற்றி நெடிது ஆராய்ந்துவிட்டுக் குளிர்வித்தலைக் கடைசி நாளில் நினைக்கின்றனர். உண்மையில் மூன்றனுள்ளும் அரியது அதுவே. குழாய்நீரும் மின்சாரமும் இல்லாத மனையில், விறகடுப்பின்மேல் வைத்த வாலையை எவ்வாறு குளிர்விப்பது என்பதை ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

வாலை என்பது ஆவியை எழுப்பி இறக்கும் கலத்திற்குப் பழைய பெயர். ஓமம், சோம்பு முதலிய சரக்குகளை நீரோடு வாலையிலிட்டு நம் சித்த மருத்துவர் இறக்கும் மருந்து 'தீநீர்' எனப்படும். தீயும் நீரும் ஒருங்கு நிற்கும் அப்பெயரிலுள்ள நீரைக் கலத்தினுள் வேகும் நீராக மட்டுமன்றிக் கலத்திற்குப் புறத்தே நின்று வெப்பத்தை ஏற்கும் நீராகவும் கொள்ளலாம் என்பது எம் விருப்பம். இது சொல்லாராய்ச்சி அன்று. தமிழ் பயில்வாருக்கு இத்தகைய ஆசை எழுவது இயல்பு. வாலை என்றவுடன் சாராயத்தை நினைப்பாரும் உளர். மது வடித்தல் 1937-ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டப்படி தமிழ்நாட்டில் குற்றமாம், அது நிற்க. ரோஜாநீர், வெட்டிவேர்நீர், ஓமத் தீநீர், இலைத்தைலம் ஆகியனவே எம் கருத்திலுள்ளவை.

முதற்கண் வெப்பத்தின் கணக்கை அறிதல் வேண்டும். ஒரு லிட்டர் நீரை ஒரு பாகை சூடேற்றும் வெப்பத்தை ஓர் அலகு என்று வைத்துக்கொள்வோம். முப்பது பாகையிலுள்ள ஒரு லிட்டர் நீரைக் கொதிநிலைக்குக் கொணர 70 அலகு போதும். அக்கொதிநீர் முழுவதையும் ஆவியாக்கவோ 540 அலகு வேண்டும். இவ்வளவு வெப்பமும் உட்புகுந்த பின்னரும் வெப்பமானி நூறு பாகைக்குமேல் ஏறுவதில்லை. கண்ணுக்கும் கருவிக்கும் புலனாகாமல் ஆவியினுள் ஒளிந்து நிற்றலின் இதனை மறைவெப்பம் என்றனர். இதனைக் கண்டவர் கிளாஸ்கோவில் ஆசிரியராயிருந்த ஜோசப் பிளாக். 1764-ஆம் ஆண்டில் அவரும் அவர் மாணாக்கர் இர்வினும் ஆவியின் மறைவெப்பத்தை அளக்கக் கருவி தேடியபோது எடுத்துக்கொண்டது சிறு வாலை ஒன்றையே. வடிந்தது எவ்வளவு, குளிர்நீர் எத்துணைப் பாகை ஏறிற்று என்னும் இரண்டையும் அளந்து, ஆவி கொண்டுவந்த வெப்பத்தைக் கணக்கிட்டனர். வாலையின் புறத்தே நின்ற நீரே அவர்க்கு ஏடாயிற்று.

ஆவி நீராகும்போது, ஒளித்து வைத்த 540 அலகையும் ஒன்று விடாது திருப்பிக் கொடுத்துவிடும். பின்னர் அந்நீர் நூறு பாகையிலிருந்து நாற்பதுக்கு இறங்குங்கால் மேலும் 60 அலகு வெளிப்படும். ஆக, ஒரு லிட்டர் தீநீர் நம் கைக்கு வரும்போது 600 அலகு வெப்பத்தை எங்கேனும் போக்கியாக வேண்டும். குளிர்நீர் இருபத்தைந்திலிருந்து ஐம்பத்தைந்து பாகைவரை ஏறலாம் என்று கொண்டால், ஒவ்வொரு லிட்டரும் 30 அலகே ஏற்கும். எனவே ஒரு லிட்டர் தீநீருக்கு 20 லிட்டர் குளிர்நீர் வேண்டும். ஐந்து லிட்டருக்கு 100 லிட்டர். குடம் ஒன்றுக்கு 15 லிட்டர் என்று வைத்தால் ஏறத்தாழ ஏழு குடம்.

இது காகிதக் கணக்காகத் தோன்றலாம். கிணறு தொலைவிலுள்ள ஊர்களில் ஏழு குடம் என்பது ஒரு பெண் சும்மாடு கூட்டித் தலையிலும் இடுப்பிலும் சுமந்து நடக்கும் நடை. வீட்டிற்குக் குடிக்கவும் சமைக்கவும் வேண்டிய நீர் இதனோடு சேராது. ஐந்து லிட்டர் வாசனைநீருக்காக ஏழு குடத்தையும் சாக்கடையில் விடுவதென்றால், அத்தொழில் எத்துணை நயமுடையதாயினும் அம்மனைக்கு ஆகாது. ஆகவே நீரைக் குறைத்தும், விட்ட நீரை மீளப் பயன்படுத்தியும் குளிர்விக்கும் வழியைத் தேடுகின்றோம்.

கல்லூரி இரசாயனசாலையில் இவ்வினா எழுவதேயில்லை. அங்குள்ள கண்ணாடிக் குளிர்விப்பானை லீபிக்கின் பெயரால் வழங்குகின்றோம். ஆயின் அதனை 1771-ஆம் ஆண்டிலேயே வெளியிட்டவர் வைகல் என்னும் ஜெர்மானியர். ஆவி ஒருபுறமிருந்து வர, குளிர்நீர் அதற்கெதிரே கீழ்முனையிற் புகுந்து மேல்முனையில் வெளியேறும். இவ்வெதிரோட்டம் போற்றத்தக்க அமைப்பே. ஆயினும் குழாயை நிமிடத்திற்கு ஒரு லிட்டர் வீதம் இரண்டு மணி நேரம் திறந்துவைப்பின் 120 லிட்டர் நல்ல நீர் வெந்நீராய் வடிகாலிற் போகும். குழாயைத் திருகுவோன் குடத்தை எண்ணுவதில்லை.

குழாயின்றிக் குளிர்விப்பதை அறிய விரும்புவோர் கன்னோசிக்குச் செல்லல் வேண்டும். ஹர்ஷரின் தலைநகராயிருந்த அவ்வூர் இன்று உத்தரப்பிரதேசத்தில் அத்தர் வடிக்கும் ஊர். விறகும் எருவரட்டியும் எரியும் அடுப்பின்மேல் 'தேக்' என்னும் செப்புக்கலம் இருக்கும். அதனுள் ரோஜாவோ தாழம்பூவோ நீரோடு இடப்படும். முதல்மழையின் மண்மணத்தைப் பிடிக்கச் சுட்ட களிமண்ணையும் இட்டு வடிப்பர். மூடியின் சந்துகளைக் களிமண்ணாலும் பஞ்சாலும் அடைப்பர். நம் மருத்துவர் 'சீலைமண் செய்தல்' என்பதற்கு இது நெருங்கிய உறவு. மூடியிலிருந்து கயிறு சுற்றிய மூங்கிற்குழாய் ஒன்று சரிந்து இறங்கி, 'பப்கா' என்னும் நீண்ட கழுத்துடைய செப்புக்குடத்திற்குள் செல்லும். அக்குடம் நீர்த்தொட்டியில் அமிழ்ந்திருக்கும். மரபுப்படி அதனுள் முன்னரே சந்தனத்தைலம் இருக்கும். பூவின் மணம் அதிற் படியும்.

இவ்வமைப்பில் சுருள்குழாய் இல்லை, நீரோட்டமும் இல்லை. வாங்குங்கலமே குளிர்விக்குங்கலமாகவும் நிற்கின்றது. மூங்கில் வெப்பத்தை எளிதிற் கடத்தாது. ஆதலின் ஆவி வழியிற் பெரிதும் குளிராமல் நேரே குடத்தை அடைந்து, நீருள் நிற்கும் செப்புச்சுவரில் மோதி நீராகின்றது. செம்போ வெப்பத்தை விரைந்து கடத்துவது. எங்கே குளிரலாகாதோ அங்கே மூங்கிலையும், எங்கே குளிர வேண்டுமோ அங்கே செம்பையும் வைத்த அறிவை எந்நூலிற் கற்றனரோ!

மேலும் ஒன்று. எல்லாச் சந்துகளும் அடைபட்டிருத்தலின் அங்கே ஆவி தப்பிப்போக வழி கிடையாது. குடம் குளிர்ந்திருக்கும்வரை உட்புகும் ஆவி உடனே சுருங்கி நீராகிவிடும். தொட்டிநீர் சூடேறிவிட்டால் ஆவி சுருங்காது. உள்ளே அழுத்தம் மிகும். அடைத்த மண் பிளந்து மணம் காற்றிற் கலக்கும், அல்லது அதனினும் கேடு விளையும். எனவே வடிப்பவர் நீருட் கையை விட்டுக் குடத்தின் வயிற்றைத் தடவித் தடவிப் பார்க்கின்றார். அவர் கையே வெப்பமானி. தொட்டிநீர் வெம்மை மிகின் மாற்றுவர். குடம் நிறைந்ததும் ஈரத்துணியால் தேக்கின் புறத்தைத் துடைத்து ஆவியெழுச்சியை அடக்கி, அவ்விடைவேளையில் வேறு குடத்தைப் பொருத்துவர். பின்னர் முதற்குடத்தை ஆறவிட்டு, தைலத்தை நிறுத்தி, அடியில் தங்கிய நீரை வடித்து மீளவும் தேக்கில் ஊற்றுவர். எரிகின்ற விறகை ஒரு நொடியில் தணிக்க இயலாது. கலத்தைத் தணிக்கலாம் என்று கண்ட இவ்வுபாயம் விறகடுப்பு வைத்த எல்லோரும் கொள்ளத்தக்கது.

நீலகிரியில் நிலைமை வேறு. அங்கே 1843-ஆம் ஆண்டையொட்டி யூகலிப்டஸ் மரங்கள் நடப்பட்டன. விறகுக்கென வந்த மரம் பின்னர் இலையாற் பெயர்பெற்றது. உதிர்ந்த இலையைப் பொறுக்கி வந்து சிறு கொட்டகைகளில் தைலம் காய்ச்சுவோர் மலைச்சரிவில் ஓடும் நீரைத் தாழ இறக்கித் தொட்டியிற் பாய்ச்சிக்கொள்கின்றனர். மேட்டிலிருந்து பள்ளத்திற்கு வருவது நீரின் இயல்பாதலின் அங்கு எந்திரம் வேண்டுவதில்லை. தைலத்தின் முதன்மையான கூறாகிய சினியோல் தனியே கொதிக்க 176 பாகை வேண்டும். நீராவியோடு கூடின் நூறு பாகைக்கும் தாழவே எழுந்துவிடும். குளிர்ந்தபின் நீரின்மேல் மிதக்கும். குளிர்ச்சி குறைந்தால் அது ஆவியாகவே வெளியேறும். அதுவோ தீப்பற்றும் பொருள்; பக்கத்திலோ அடுப்பு. ஓடை கிட்டியோர்க்கு இவ்வளவே போதும். அவர்க்கு இக்கட்டுரை வேண்டுவதன்று.

ஓடையில்லாத சமவெளி மனைக்கு யாம் தக்கதெனக் கருதுவது பெருந்தொட்டி முறை. கன்னோசித் தொட்டியையும் வெப்பக் கணக்கையும் ஒருங்கு வைத்து நோக்கினால் இது விளங்கும். 200 லிட்டர் கொள்ளும் பீப்பாய் ஒன்றில் செப்புச் சுருள்குழாயை அமைத்து, 150 லிட்டர் நீர் நிரப்புக. ஐந்து லிட்டர் தீநீர் வடிந்தால் அந்நீர் ஏற்பது 3000 அலகு. 150-ஆல் வகுக்க 20 பாகை. முப்பது பாகையில் தொடங்கிய நீர் சராசரி ஐம்பதில் முடியும். அவ்வளவுதான். ஒரு நாள் வேலைக்கு ஒரு துளி நீரும் மாற்ற வேண்டுவதில்லை. இரவில் பீப்பாய் பெரிதும் ஆறிவிடும். மறுநாளும் அதே நீர். முதல்நாள் சுமந்த பத்துக்குடத்தோடு சுமை முடிகின்றது; பின்னர் ஆவியாய்க் குறைந்ததை நிரப்பினாற் போதும். சிறு தொட்டியில் ஓடும் நீரை நாடுவதைவிடப் பெருந்தொட்டியில் நிற்கும் நீரை நாடுவது ஏழை மனைக்கு ஏற்றது.

இதனோடு ஒப்பிட்டு நாட்டு மண்வாலை ஒன்றை நோக்குக. கீழே வேகும் பானை. அதன் வாயில் குளிர்நீர் நிறைந்த சட்டி. சட்டியின் அடியிற் படியும் துளிகள் உள்ளே தொங்கும் கிண்ணத்தில் விழும். சட்டி கொள்வது நான்கு லிட்டர் என்போம். அது முப்பதிலிருந்து எழுபது பாகை ஏறுங்கால் ஏற்பது 160 அலகு; அதற்கு ஈடாக வடிவது கால் லிட்டரே. ஒரு லிட்டர் வேண்டின் சட்டிநீரை நான்குமுறை முகந்து மாற்ற வேண்டும். மாற்றத் தவறிய வேளையெல்லாம் மணம் கூரைவழியே போகும். கொஞ்சமாக மருந்து வடிக்க இது நன்று, அதற்குமேல் ஆகாது.

பீப்பாயில் நிற்கும் நீருக்கு ஒரு குணமுண்டு. சூடேறிய நீர் இலேசாகி மேலே சென்று தங்கும். குளிர்ந்தது அடியிற் கிடக்கும். ஆவி சுருள்குழாயின் மேல்முனையிற் புகுந்து கீழ்முனையில் நீராய் வெளியேறுமாறு வைத்தால், மேற்சுற்றுக்கள் நீரைக் கொதிக்கவைத்தாலும் கீழ்ச்சுற்றுக்கள் குளிர்ந்தே இருக்கும். லீபிக் குழாயில் நீரோட்டத்தால் பெறும் பயனை இங்கே நீர் தானே அடுக்கடுக்காய் நின்று தருகின்றது. ஆகையால் பீப்பாய்நீரைக் கலக்கலாகாது. ஊக்கமிக்க இளைஞர் சிலர் மேலே ஆவி பறப்பதைக் கண்டு கோலிட்டுக் கிளறுவர். அது அடியிலுள்ள சேமிப்பை அழிப்பதாகும். புதுநீர் ஊற்ற வேண்டின், அடிவரை செல்லும் குழாயும் புனலும் வைத்து அதன்வழி ஊற்றுக. அப்போது மேலுள்ள வெந்நீர் தானே விளிம்பில் வழியும், அதனை ஏந்திக்கொள்ளலாம்.

ஏந்திய வெந்நீருக்கு முதற்பயன் அடுத்த வேலைக்கு அதனையே வாலையில் ஊற்றுதல். எழுபது பாகையிலுள்ள நீர் கொதிக்க 30 அலகு போதும். கிணற்றுநீருக்கு வேண்டுவது 70. விறகு அவ்வளவிற்கு மிஞ்சும். குழாயின் சந்திலிருந்து கசிவில்லாத தூயநீராயின் குளிக்கவும் துணி வெளுக்கவும் அது உதவும். இரண்டு பீப்பாய் இருப்பின், அடியில் ஒரு குழாயாலும் மேலே நீர்மட்டத்திற்குச் சற்றுத் தாழ ஒரு குழாயாலும் அவற்றை இணைத்துவிடலாம். சூடேறிய நீர் மேற்குழாய் வழியே இரண்டாவதற்குச் செல்ல, குளிர்ந்தது கீழ்க்குழாய் வழியே முதலாவதற்கு வரும். எந்திரமின்றி நீர் தானே சுற்றும்.

இனி, பத்துக்குடமும் கிட்டாத இடத்திற்கு வருகின்றோம். கோடைக்காலத்தில் தென்பாண்டிச் சீமையின் ஊர்கள் சிலவற்றில் பத்துக்குடம் என்பது செல்வம். அங்கே கைகொடுப்பது மட்பானையின் இரகசியம். பானையின் புறத்தே கசியும் நீர் காற்றில் உலரும்போது உள்ளிருக்கும் நீரின் வெப்பத்தைக் கொண்டு செல்கின்றது. ஆவியில் புகுந்த மறைவெப்பத்தைப் போக்க மற்றோர் ஆவியையே தூதனுப்புவது போன்றது இது. ஒரு லிட்டர் நீர் நாற்பது பாகையளவில் ஆவியாகி உலருங்கால் ஏறத்தாழ 575 அலகு வெப்பத்தை எடுத்துச் செல்லும். ஒரு லிட்டர் தீநீர் போக்க வேண்டுவதோ 600. ஆகவே சூடேற்றி விட்டுவிடும் முறையில் 20 லிட்டர் செய்த வேலையை, உலரவிடும் முறையில் ஒரு லிட்டரே ஏறத்தாழச் செய்துவிடும்! இக்கணக்கை மும்முறை போட்டுப் பார்த்தும் விடை மாறவில்லை.

செய்முறை எளிது. வாலையிலிருந்து பீப்பாய்வரை செல்லும் செப்புக்குழாயை நீளமாக, ஒரே சரிவில், காற்றோட்டமுள்ள நிழலில் இறக்குக. அதன்மேல் பழஞ்சாக்கையோ பருத்தித் துணியையோ ஒரு சுற்றுச் சுற்றுக. மேலே அடியில் துளையிட்ட பானை ஒன்றைக் கட்டித் திரியிட்டுத் துணி காயாதபடி நீர் சொட்டவிடுக. நீர் ஒழுகி ஓடலாகாது, நனைந்திருந்தாற் போதும். துணி தடித்தாற் பயன் குறையும்.

ஆயினும் இதற்கு எல்லையுண்டு. 5 சென்டிமீட்டர் விட்டமும் 3 மீட்டர் நீளமும் உள்ள குழாயின் புறப்பரப்பு அரைச் சதுரமீட்டருக்குச் சற்றுக் குறைவே. அப்பரப்பு உலர்த்தும் வேகத்தைக் காற்றும் அதன் ஈரமுமே வரையறுக்கும். வறண்ட மேல்காற்று வீசும் நாளில் துணி சுறுசுறுப்பாய் வேலை செய்யும். கடற்கரையூரில் ஐப்பசி அடைமழையில் மிகவும் சோர்ந்துவிடும். ஆகையால் துணியை மட்டும் நம்புதல் கூடாது. முன்னே துணி, பின்னே தொட்டி என்று இரண்டையும் சேர்ப்பதே நன்று. வெப்பத்திற் பாதியைத் துணி போக்கின், அதே 150 லிட்டர் பீப்பாய் பத்து லிட்டர் தீநீருக்குப் போதுமானதாகும். அல்லது பாதியளவுப் பீப்பாயே போதும்.

தீயைப் பற்றியும் ஒரு சொல். உலர்ந்த விறகு ஒரு கிலோவில் ஏறத்தாழ 4000 அலகு வெப்பம் உண்டு. சாதாரண அடுப்பில் அதில் ஏழில் ஒரு பங்களவே கலத்திற்கு ஏறும். எஞ்சியது புகையோடும் காற்றோடும் போம். அதாவது, வாலை கொதித்தபின் ஒரு கிலோ விறகு ஒரு லிட்டரளவு ஆவியை எழுப்பும். அதனைக் குளிர்விக்க ஒன்றேகால் குடம் நீர் 30 பாகை ஏற வேண்டும். அடுப்பில் ஒவ்வொரு கட்டையைத் தள்ளும்போதும் இத்தனை குடத்திற்கு ஆணையிடுகின்றோம் என்று நினைத்துக்கொண்டால் கை தானே நிதானிக்கும். குழாய்முனையில் ஆவி தோன்றுமாயின் முதலிற் செய்வது குளிர்நீர் தேடி ஓடுதலன்று. கட்டையை வெளியே இழுத்தலே. வடிவது கையிற் பட்டால் சற்று வெதுவெதுப்பாய் இருக்கலாம், சுடலாகாது.

மிகக் குளிர்வித்தலும் எல்லாவற்றிற்கும் நன்றன்று. ஓம எண்ணெயில் மிகுந்துள்ள தைமால் ஐம்பது பாகையளவிலேயே உருகுவது. சோம்பெண்ணெயின் அனெத்தோல் இருபத்தொரு பாகையளவிலேயே உறைந்துபோவது. இவற்றை வடிக்கும்போது சுருள்குழாய் அளவுகடந்து குளிர்ந்தால் அவை உள்ளே உறைந்து படியக்கூடும். குறுகிய குழாய் அடைபட்டால் பின்னே எழும் ஆவி போக்கிடமின்றிக் கலத்தையே பிளக்கும். ஆதலின் குழாய் அகலமாய் இருத்தல் வேண்டும். ஓமத்திற்குப் பீப்பாய்நீர் சற்று வெம்மையாயிருப்பதே நலம். அரிசிமாவாலோ கோதுமைமாவாலோ சந்துகளை அடைத்தல் இம்மனை வாலைக்குச் சாலும். அழுத்தம் மிகுந்தால் மா முதலிற் பிளந்து எச்சரிக்கும்.

குழாயின் கீழ்முனை எப்போதும் காற்றில் திறந்திருத்தல் வேண்டும். ஏற்கும் கலத்திலுள்ள நீரினுள் அதனை அமிழ்த்தலாகாது. ஏனெனின், வேலை முடிந்து விறகை இழுத்தபின் வாலையினுள் எஞ்சிய ஆவி சுருங்கும். அங்கே வெற்றிடம் உண்டாகும். அமிழ்ந்த முனைவழியே அன்று வடித்த தீநீர் அனைத்தையும் வாலை உறிஞ்சிக்கொள்ளும். தீயை அணைத்தவுடன் ஏற்கும் கலத்தை எடுத்து மூடிவிட்டு, கைக்குத் துணி சுற்றி, முகத்தை விலக்கி, மூடியின் அடைப்பைச் சற்றே நெகிழ்த்துக. பீப்பாயை மூடவேண்டுவதில்லை, மெல்லிய துணியால் வாய்கட்டி வைத்தால் கொசு முட்டையிடாது, இரவுக்காற்றில் நீரும் ஆறும்.